அவன் நின்ற இடது பக்கம்

அந்த ஜெர்சியை என்னிடம் கொடுத்தபோது அது சரியாகக் காய்ந்திருக்கவில்லை. கிளப்பில் துணிமணி, பந்து, வலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் அதைத் தனியாகத் துவைத்துக் காலையில்தான் கொடியில் போட்டிருந்தார். வெள்ளைத் துணியில் நீல நிறத்தில் மூன்றாம் எண்.

"வேற நம்பர் அடிச்சுத் தர நேரமில்லப்பா. நாளன்னிக்கு மேட்ச். இதையே போட்டுக்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

சலவையில் மாறிப்போகாமல் இருக்க நாங்கள் ஆளுக்கொரு அடையாளம் போட்டு வைத்திருப்போம். எனக்கு முன்பு அந்த எண்ணைப் போட்டு ஆடிய அவனுடையது கழுத்துப் பட்டையின் உள்பக்கம் பேனாவால் போட்ட சின்னச் சிலுவை. அது சோப்பில் கரைந்து ஒரு நீலக் கறையாகத் தங்கியிருந்தது.

எங்கள் அணிக்கு இரண்டு ஜெர்சிகள். சொந்த மைதானத்தில் ஆடும்போது சிவப்பு, வெளியூருக்கு வெள்ளை. சிவப்பு மூன்றாம் எண் அதற்குப் பதினோரு நாள் முன்பு அவனுடைய சவப்பெட்டியின் மேல் விரிக்கப்பட்டு அவனோடு மண்ணுக்குள் போயிருந்தது. வெள்ளை எனக்கு வந்தது. ஈரத்தோடு அதை மாட்டிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. தோள் கொஞ்சம் தொளதொளப்பாக இருந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நாங்கள் இருவரும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள். என் ஊர் கோம்பை. அப்பா திராட்சைப் பந்தலில் வேலை பார்த்தார். அவனுடைய ஊர் எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம். ஊருக்கு நடுவில் பெரிய கோவில், அதாவது மாதா கோவில். அதை ஒட்டி ஒரு மைதானம். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரச் சாமியார்கள் கொண்டுவந்து போட்ட பந்து அங்கே இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. மற்ற ஊர்களில் பையன்கள் மட்டை எடுத்துக்கொண்டு போகும்போது அந்த ஊரில் மட்டும் கால்பந்து. அவனுடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அம்மா வீட்டோடு இருந்தார்.

மாவட்ட அணித் தேர்வில்தான் முதலில் சந்தித்தோம். இரண்டு பேருமே இடதுகால்காரர்கள். இடதுகால்காரன் கிடைப்பது அபூர்வம் என்பதால், கிடைத்தால் அவனைப் பின்னால் இடது ஓரத்தில் நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்துக்கு லெஃப்ட் பேக் என்று பெயர். ஓர் அணியில் அந்த இடம் ஒன்றுதான் உண்டு. அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன், ஒரு பங்கு வேகமானவன். மாவட்ட அணியில் அவன் ஆடினான், நான் உட்கார்ந்தேன். இரண்டு வருடம் கழித்துச் சென்னையில் ஒரு கிளப் எங்களை எடுத்தபோதும் அப்படியே ஆனது.

தொழில்முறை ஆட்டக்காரன் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஆனால் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டுகிற ஆட்டம் இல்லை எங்களுடையது. அதற்குக் கீழே, அதற்கும் கீழே. ஓர் அறையில் ஆறு பேர். மைதானத்தின் ஒரு மூலையில் புல், மூன்று மூலையில் மண். பார்க்க வருகிறவர்களை எண்ணிவிடலாம். பாதிப் பேர் மர நிழலுக்கு வந்தவர்கள். லீக் இல்லாத மாதங்களில் நானும் அவனும் குமுளி வழியாகக் கேரளத்துக்குப் போய் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளில் ஆடுவோம். அங்கே மட்டும் மூங்கில் கேலரி நிறைய ஆட்கள் இருப்பார்கள். மைக்கில் ஒருவர் மலையாளத்தில் எங்களைப் புகழ்ந்து தள்ளுவார். அங்கே ஒரு தடவை, ஆட்டத்தின் நடுவில், பந்து எங்கோ இருக்கும்போது அவன் சும்மா தரையில் உட்கார்ந்துவிட்டான். கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மாப்ள, மூச்சு முட்டிருச்சு. மலை ஏறி வந்ததுல" என்றான். நானும் மலை ஏறித்தான் வந்திருந்தேன். அதை அப்போது யோசிக்கவில்லை.

மூன்று சீசன் பெஞ்சில் இருந்தேன். மாற்று ஆட்டக்காரனுக்கு ஆட்டம் தெரியாது. ஒரே ஓர் ஆளின் உடம்புதான் தெரியும். அவன் நொண்டுகிறானா, மூச்சு வாங்குகிறானா, மஞ்சள் அட்டை வாங்கியிருக்கிறானா, இன்னொன்று வாங்குவானா என்று தொண்ணூறு நிமிடமும் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் தரையில் விழும்போதெல்லாம் என் கை தானாகக் காலுறைக்குள் இருக்கும் ஷின் பேடைச் சரிசெய்யப் போகும். அவன் எழுந்து ஓடத் தொடங்கியதும் கை திரும்பி வரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டாவது கோல்கீப்பர் ஒருநாள் இதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார். அவருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது.

அவனுக்கும் தெரியும். ஒரு தடவை பஸ்ஸில் கேட்டேவிட்டான்.

"நான் எப்படா விழுவேன்னு பாக்குறேல்ல?"

"ஆமா. ஒரு ரெண்டு வாரம் காய்ச்சல்ல படேன். செத்தா போயிருவ?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னும் ரெண்டு வருசம் பொறு மாப்ள. அப்பறம் நான் ஊருக்குப் போயி கல்யாணம் முடிச்சுட்டு வாத்தியார் வேலைக்குப் போறேன். இந்தப் பக்கம் பூராம் ஒனக்குத்தான்."

ஊரிலிருந்து அவன் அம்மா கொடுத்துவிடும் பருப்புப் பொடியில் பாதியை எனக்கு வேறு டப்பாவில் போட்டுத் தருவான். இதையும் எழுத வேண்டியிருக்கிறது. அவன் என்னை ஒருநாளும் எதிரியாக நினைத்ததில்லை.

அது மே மாதம். ஆறரைக்குப் பயிற்சி. அறையிலிருந்து மைதானத்துக்கு நடந்தே போவோம். அன்று மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் கடைசி. வழியில் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. அவன் அதன் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"என்னடா?"

"நெஞ்சு அமுக்குற மாதிரி இருக்கு மாப்ள. விடியக்காலமே அப்பிடித்தான் இருந்துச்சு."

முகம் வேர்த்திருந்தது. ஆனால் சென்னையில் மே மாதத்தில் யாருக்கு வேர்க்காமல் இருக்கும்?

"கோச்சுட்டச் சொல்லிருவமா? இன்னைக்கு ஒருநாள் ஒக்காந்துக்க."

"வாயத் தொறந்துராத. இந்த வாரந்தான் அடுத்த வருசத்துக்குக் கையெழுத்து. நெஞ்சு வலின்னு காதுல விழுந்தா அம்புட்டுத்தான். அது வாயுடா. நேத்துத் தின்ன புரோட்டா."

கொஞ்சம் நின்றான். இரண்டு தடவை ஏப்பம் விட்டான். "பாத்தியா, வாயுதான்" என்றான். நடந்தோம்.

அந்த மைதானத்துக்குப் போக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பது எனக்கு மறக்கவே இல்லை. சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உடனே அடுத்த நினைப்பு வந்தது. நான் சொன்னால் அவனை உட்கார வைப்பார்கள். அவனை உட்கார வைத்தால் என்னை இறக்குவார்கள். கையெழுத்து வாரத்தில் கோச் காதில் போய், அவனுக்கு நெஞ்சு வலி என்று சொல்லுகிற ஆள், அவன் இடத்துக்குக் காத்திருக்கிற ஆள். யார் நம்புவார்கள்? அவனே நம்புவானா? மூன்று வருடம் அந்த இடத்துக்கு ஆசைப்பட்டவன் என்பது என் முகத்திலேயே ஒட்டியிருந்தது. அந்த ஆசை இல்லாத ஒருவன் என்றால் சும்மா போய்ச் சொல்லியிருப்பான். எனக்கு ஆசை இருந்ததால் நான் நல்லவனாக நடந்துகொள்ள வேண்டியிருந்தது. நல்லவனாக வாயை மூடிக்கொண்டேன்.

பயிற்சியில் இரண்டு அணியாகப் பிரித்து ஆடுவோம். அன்று வலது ஓரத்தில் முன்னால் ஆடுகிறவன் வரவில்லை. கோச் என்னைக் கூப்பிட்டு அந்த இடத்தில் நிற்கச் சொன்னார். எதிர் அணியில் இடது பக்கம் அவன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக நாங்கள் நேருக்கு நேர் நின்றோம்.

ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் இருக்கும். பந்து என்னிடம் வந்தது. அவன் எதிரே வந்து நின்றான். நான் உள்பக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்து, பந்தை வெளிப்பக்கம் தட்டிவிட்டு ஓடினேன். எத்தனையோ காலை வேளைகளில், மற்றவர்கள் அவனிடம் அதைச் செய்து தோற்கும்போது, அவன் சொல்லிச் சிரித்த பழைய வித்தை அது; அவனிடம் செல்லவே செல்லாது. அன்று சென்றது. அவன் திரும்பவே இல்லை. எனக்கு முன்னால் காலியான மைதானம். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஓரக்கோடு வரை ஓடிப் பந்தைக் கோல் முன்னால் அனுப்பினேன். ஒருவன் தலையால் முட்டினான், கோல். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

எல்லோரும் என்னைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அவன் குப்புற விழுந்து கிடந்தான். கையை ஊன்றாமல் விழுந்திருக்கிறான். மூக்கில் மண்ணும் ரத்தமும். மைதானத்தில் ஆம்புலன்ஸ் கிடையாது. கோல்கீப்பரின் காரில் பின்சீட்டில் படுக்க வைத்து, நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். இன்னொருவன் அவனுடைய நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்றார்கள். பிறப்பிலிருந்தே இதயத் தசை தடித்திருந்ததாம். வெளியே தெரியாதாம். இப்படி ஓடுகிறவர்களுக்குச் சில சமயம் இப்படித்தான் முடியுமாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கோச் ஒவ்வொருவரிடமும் கேட்டார். "காலைல ஏதாவது சொன்னானா? யாருகிட்டயாவது?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். அது முதல் தடவை.

அவனை ஊருக்குக் கொண்டுவந்த வண்டியில் நானும் வந்தேன். ஆண்டிபட்டி கணவாய் தாண்டி இறங்கியதும் இரண்டு பக்கமும் மலை தெரிந்தது. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் அந்த இடத்தில்தான் அவன் என்னைத் தட்டி எழுப்புவான். நடுப்பகலில் அவன் ஊர் வந்து சேர்ந்தோம். தெருவில் நிற்க இடமில்லை. அவன் அம்மா பெட்டியைப் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீதான கூட இருந்த? எம்பிள்ள கடைசியா என்னய்யா சொன்னான்? வலிக்குதுன்னு சொன்னானா?"

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லல. சிரிச்சுக்கிட்டேதான் வெளாண்டான். வலியே தெரியாமப் போயிட்டான்."

அவர் பிடி தளர்ந்தது. "வலி தெரியலையாம்" என்று பக்கத்தில் நின்ற கணவரிடம் சொன்னார். அவர் அதைத் தன் தம்பியிடம் சொன்னார். அங்கிருந்து அது தெருவெங்கும் போனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பூசையில் சாமியார்கூட அதைச் சொன்னார்.

பதினோரு நாள் கழித்து வெள்ளை ஜெர்சி என் கையில். மூன்று வருடம் காத்திருந்த ஆட்டம் அப்படித்தான் எனக்குத் தொடங்கியது.

நான் மோசமாக ஆடவில்லை. ஐந்து சீசன் அந்த இடம் என்னிடம் இருந்தது. ஆனால் அது அவன் விட்டுவிட்டுப் போன வீட்டில் குடியிருப்பதுபோல் இருந்தது. எனக்குப் பக்கத்தில் ஆடிய நடுத் தடுப்பாட்டக்காரர் அவனோடு மூன்று வருடம் ஆடியவர். பந்து எங்கள் பக்கம் வந்தால் அவசரத்தில் அவன் பெயரைச் சொல்லித்தான் கத்துவார். முதல் ஆட்டத்தில் நான் திடுக்கிட்டு நின்றுவிட்டேன். அந்த இடைவெளியில் ஒரு கோல் போயிற்று. ஆட்டம் முடிந்து அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "வாய் தானா வருதுடா" என்றார். அதற்கப்புறம் நான் திடுக்கிடவில்லை. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "வந்துட்டேன்" என்று பதில் சொன்னேன். ஒரு வருடம் முழுக்க அந்த மைதானத்தில் நான் இன்னொருவன் பெயருக்குப் பதில் சொன்னேன்.

ஒரு நாள் என் அம்மா போன் செய்தார். எங்கள் ஆட்டத்தை யாரோ செல்போனில் நேரடியாகக் காட்டியிருக்கிறார்கள்; அதை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

"ஏன்டா, உள்ள எறங்கும்போது சிலுவை போட்டுக்கிற?"

"நானா?"

"பெறகு நானா? நெத்தி, நெஞ்சு, ரெண்டு தோளுன்னு தொட்டேல்ல. அப்பாவும் பாத்தாக."

எனக்குத் தெரியவே தெரியாது. அது மைதானத்தில் இறங்கும்போது அவன் செய்வது. அடுத்த ஆட்டத்தில் கையை இறுக மூடிக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். ஆட்டம் முடிந்து வீடியோவில் பார்த்தால், மூடிய கையோடு நெற்றியைத் தொட்டிருக்கிறேன்.

நெஞ்சும் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் கால் மணி நேரம் ஆனதும் ஒரு பாரம் வந்து உட்காரும். எதிர் அணிக்காரன் என்னைத் தாண்டிப் போனால், அவனைத் துரத்துவதற்கு முன் ஒரு கணம் கால் நகராது. டாக்டரிடம் போனேன். படம் எடுத்தார்கள், ஓட வைத்துப் பார்த்தார்கள். "உங்க இதயம் ரொம்ப நல்லா இருக்கு" என்று டாக்டர் சொன்னபோது அவர் எதிர்பார்த்த சிரிப்பு எனக்கு வரவில்லை.

ஒரே ஒரு வருடம் மேல் லீக்குக்குப் போகிற வாய்ப்பு எங்களுக்கு வந்தது. கடைசி ஆட்டத்தில் சமன் செய்தாலே போதும். கடைசி நிமிடங்களில் என் பக்கத்தில் ஒருவன் என்னைத் தாண்டிப் போனான். அதே ஒரு கணம். பந்து கோலுக்குள் கிடந்தது. உடை மாற்றும் அறையில் கோச் என் எதிரே உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "அவன் இருந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அடுத்த நாள் வந்து மன்னிப்புக் கேட்டார். எனக்குக் கோபமே இல்லை. அவர் பாதியில் விட்டதை நான் தினமும் முழுதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு முழங்கால் போனது. அதற்கு அடுத்த வருடம் கிளப்பும் அணியைக் கலைத்துவிட்டது. நான் ஊருக்குத் திரும்பினேன். இப்போது தேனி அல்லிநகரத்தில் மச்சானோடு சேர்ந்து டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணமாகி ஒரு மகள். வருகிற வாடிக்கையாளர்களில் யாருக்கும் நான் பந்து ஆடியவன் என்று தெரியாது.

ஆனால் ஒரு நாள் மட்டும் தெரியும். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஊர் மைதானத்தில் அவன் நினைவாகப் போட்டி நடத்துவார்கள். ஒவ்வொரு வருடமும் கோப்பை கொடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். மேடையில் அவன் படத்துக்குப் பக்கத்தில் நாற்காலி. மத்தியானம் அவன் வீட்டில் சாப்பாடு. அவன் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் என் தோளைத் தொட்டுக் காட்டுவார். "இவுகதான் கடைசி வரைக்கும் எம்பிள்ளயோட இருந்தாக. இவுக மடியிலதான் அவன் உசுரு போச்சு." எட்டு வருடம் நான் அந்த வீட்டில் தலையைக் குனிந்து சாப்பிட்டிருக்கிறேன். அவனுக்குப் பிடித்ததென்று அவர் வைத்த கறியை எல்லாம் தின்றிருக்கிறேன்.

போன வருடக் கடைசியில் அவருக்குக் கண்ணில் புரை என்று தேனியில் ஆபரேஷன் செய்தார்கள். அவன் அப்பாவுக்கு நடக்க முடியவில்லை. மகளைக் கம்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அவளுக்குக் கைக்குழந்தை. என் கடையிலிருந்து ஆஸ்பத்திரி பக்கம். ஆபரேஷன் முடிந்து மறுநாள் பகலில் கடையின் ஆம்னி வேனில் அவரை ஊருக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ஆபரேஷன் செய்த கண்ணில் மூடி வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். மற்ற கண்ணிலும் புரை, பார்வை மங்கல்.

வீரபாண்டி தாண்டி ஓர் இளநீர்க் கடையில் நிறுத்தினேன். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து குடித்தார்.

"ஒரு நாளு விடாம அவன நெனைக்கிறேன்" என்றார். "ஆனா தூக்கம் வந்துருதுய்யா. வலி தெரியாமப் போயிட்டான்னு நீ சொன்னேல்ல, அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன். அது மட்டும் இல்லேன்னா நான் இங்கன இருந்திருக்க மாட்டேன்."

அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதால்தான் அது என் வாயிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அவர் அப்படிச் சொன்ன பிறகு நிச்சயமாகச் சொல்லியிருக்கக் கூடாது. தெரிந்தேதான் சொன்னேன்.

"அம்மா, அன்னைக்குக் காலையில நெஞ்சு அமுக்குதுன்னு என்கிட்டச் சொன்னான்."

அவர் இளநீரைக் கீழே வைக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாருட்ட?"

"என்கிட்ட மட்டும்தான். கோச்சுட்டச் சொல்லாதன்னான். நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

காரணத்தைச் சொன்னேன். அந்த ஐந்து நிமிடத்தையும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். கேட்டு முடித்ததும் மெதுவாகச் சொன்னார்:

"நல்லவன்னு பேரு வாங்குறதுக்கு எம்பிள்ளயக் குடுத்துட்ட."

"ஆமாம்மா."

அவர் கதவைத் தள்ளி இறங்கினார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கப் போனேன். "தொடாத" என்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணில் மங்கலாக, சாலை ஓரத்திலேயே பஸ் நிறுத்தம் வரை நடந்தார். நான் வேனை எடுத்துக்கொண்டு பத்தடி பின்னால் ஊர்ந்தேன். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. சின்னமனூர் பஸ் வந்தது. கண்டக்டர் அவர் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார். அவருடைய மருந்துப் பை வேனிலேயே கிடந்தது. பஸ்ஸுக்குப் பின்னாலேயே போய்ச் சின்னமனூரில் அந்தக் கண்டக்டரிடமே அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

இந்த ஜனவரியில் எனக்கு அழைப்பு வரவில்லை. அன்று கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மச்சான், "இன்னைக்கு நீங்க மேட்சுக்குப் போகலையா?" என்றார். கால் வலி என்றேன். அங்கே எல்லோரிடமும் அவன் அம்மா சொல்லியிருப்பாரா, சாமியாரிடம் சொல்லியிருப்பாரா, மேடையில் என் நாற்காலியை எடுத்துவிட்டார்களா என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. நியாயம்தான் என்றும் இருந்தது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எதுவும் இறங்கவில்லை. நெஞ்சுப் பாரம் இப்போது பந்து இல்லாமலேயே, கடையில் கணக்கு எழுதும்போதே வருகிறது.

மார்ச்சில் ஒருநாள் காலையில் போன் வந்தது. அவன் அம்மாதான். நலம் விசாரிக்கவில்லை.

"மறு கண்ணுக்கும் பண்ணிட்டாக. இன்னைக்குச் சோதிச்சுட்டு அனுப்புறாகளாம். வேன் இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப வா."

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தேனி ஊரைத் தாண்டினோம். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கு எந்திரிச்சதுல இருந்து சொல்லு. ஒண்ணையும் விடாத."

சொன்னேன். அவர் நடு நடுவே கேட்டார். என்ன சாப்பிட்டான்? ஒரு வாழைப்பழம், ரெண்டு பிஸ்கட். குளிச்சானா? இல்ல, வந்து குளிப்போம். எதுல கைய ஊனி நின்னான்? தண்ணி லாரில. எந்தக் கையி? யோசித்து, வலது கை என்றேன். ஏப்பம் விட்டதைச் சொன்னபோது, "சின்னதுலருந்தே எல்லாத்துக்கும் வாயும்பான்" என்றார். பயிற்சியில் நான் எதிர்ப்பக்கம் நின்றதைச் சொன்னேன். தோளைச் சாய்த்து அவனைத் தாண்டிப் போனதையும், அதில் எனக்கு வந்த சந்தோஷத்தையும் சொன்னேன். அதை அதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"நீ தாண்டிப் போனப்ப அவன் ஒன்னயப் பாத்தானா?"

"தெரியலம்மா. நான் திரும்பிப் பாக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பைக் கண்ணருகே கொண்டுபோய், கண்ணைத் துடைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது ஞாபகம் வந்து, கன்னத்தை மட்டும் ஒற்றிவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். சின்னமனூர் வந்தது, போனது. இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு.

அவர் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினேன். இறங்குவதற்கு முன் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"அவுகட்ட இதச் சொல்ல வேணாம். அவுகளுக்கு நீ மொதச் சொன்னதே இருக்கட்டும்."

"சரிம்மா."

"நான் தூங்கி மூணு மாசமாச்சு" என்றார். என்னைக் குற்றம் சொல்லும் குரலாக இல்லை; ஒரு செய்தியைச் சொல்வதுபோல் சொன்னார். "நீ தூங்குறியா?"

"இல்லம்மா."

தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளிருந்து அவன் அப்பா சத்தம் கேட்டு, தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "ஏன்யா, இந்த வருசம் மேட்சுக்கு ஏன் வரல? கால் வலின்னு இவ சொன்னா. இப்பத் தேவலையா?" என்று கேட்டார்.

நான் அவன் அம்மாவைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை.

"தேவல சார்" என்றேன்.

"உள்ள வரச் சொல்லுங்க, சோறு ஆக்கிருவேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் செருப்பைக் கழற்றினேன்.